தலைக்கு வைத்த முட்டை

என் மாமியார் என்னை முதன்முதலில் தொட்டது பின்கழுத்தில். 2004ஆம் வருஷம், கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பெண் பார்க்க வந்த அன்றைக்கு. காபி கொடுத்து, விழுந்து கும்பிட்டு எழுந்து பாயில் உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாள் ஒரு முழம் மல்லிகையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து மண்டியிட்டார். "பூ வச்சிடறேம்மா" என்றார். பூ வைக்க ஒரு கொண்டை ஊசி போதும். அவர் விரல்களோ என் பின்னலுக்குள் புகுந்து வேர் வரைக்கும் போயின. அங்கே முடிச்சு ஏதாவது இருக்கிறதா என்று தடவின. நடுப்பின்னலைப் பிரித்துப் பார்த்தன. கடைசியில் யாருக்கும் தெரியாமல் ஒரு இழுப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொந்த முடிதான்" என்று தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எழுந்தார். மாப்பிள்ளை அதற்கப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். சவுரி வைத்துப் பின்னி, முடி இல்லாத பெண்ணைத் தள்ளிவிடுவார்கள் என்று பையன் வீட்டாருக்குப் பயம். அதனால் பூ வைக்கிற சாக்கில் வீட்டுப் பெரிய பொம்பளை பின்னலைச் சோதித்துவிடுவாள். பெண் வீட்டாருக்கும் அது தெரியும், வாய் திறக்க மாட்டார்கள். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிறவன்கூட மாட்டுக்குப் பூ வைக்க வந்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை.

போகும்போது மாமியார் என் அம்மாவைக் கேட்டார், "பொண்ணுக்கு முடிக்கு இன்னா போடறீங்க?"

அம்மா முழித்தாள். "எண்ணெ, சீயக்கா. வேற இன்னா?"

அவள் பொய் சொல்லவில்லை. அம்மாவுக்கு முடியைப் பற்றிப் பெரிய ஞானம் கிடையாது. சில பழக்கங்கள் இருந்தன, அவ்வளவுதான். ஈரத்தலையில் சீப்பு வைத்தால் கையில் அடிப்பாள். ஈரத்தோடு முடிந்துகொண்டாலும் அடிதான். முதலில் விரலால் சிக்கெடுக்க வேண்டும், அதுவும் நுனியிலிருந்து மேலே போக வேண்டும், பிறகுதான் சீப்பு. வீட்டில் ஆளுக்கொரு சீப்பு. தலையணை உறை அடிக்கடி துவைத்து வெயிலுக்குப் போகும். தூங்கும்போது இறுக்காமல் ஒரு பின்னல். நுனி பிளந்தால் கத்திரியை எடுத்துவிடுவாள், அழுதாலும் விட மாட்டாள். இதெல்லாம் முடிக்காக என்று தெரிந்தே செய்தாள். தெரியாமல் செய்தது ஒன்று உண்டு. துறைமுகத்தில் மத்தியும் நெத்திலியும் விலை இறங்கும் நாளாகப் பார்த்து வாங்கி வந்து, எங்கள் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பாள். முருங்கைக்கீரையை ஆய்ந்து ஆய்ந்து அவள் விரல் பச்சையாக இருக்கும். முட்டையை அவித்து மூடி வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உரித்துக் கொடுப்பாள். போதும் என்றால் "துன்னுடி, வளர்ற பொண்ணு" என்று தலையில் ஒரு குட்டு. என் முடி அந்தத் தட்டிலிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மாமியாரிடம் சீயக்காய் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

அடுத்த வருஷம் கல்யாணம். சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. மாமனார், மாமியார், என் கணவர், காலேஜில் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன், நான். பின்கட்டில் கிணறு, துவைக்கிற கல், கோழிக்கூடு, ஓலைத்தட்டி வைத்து அடைத்த குளிக்கிற ரூம்பு, அதன் வாசலிலேயே வெந்நீர் அடுப்பு. எல்லாம் இருந்தது, பஞ்சம் பிடித்த வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் வருஷம் நான் காட்சிப் பொருள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "திரும்பி நில்லு" என்பார். திரும்பி நிற்பேன். முகத்தைக் காட்டச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மார்கழியில் தேர் பார்க்கப் போனபோது என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்தார். ஊரே தேரைப் பார்த்தது. அவர் மட்டும், ஊர் என் பின்னலைப் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

கோழிக்கூட்டில் கை விட்டு முட்டை எடுப்பது என் வேலை. எடுத்து மாமியார் கையில் கொடுக்க வேண்டும். முட்டைக்குழம்பு வைத்தால் முட்டை ஆண்களின் தட்டுக்குப் போகும், பெண்களுக்குக் குழம்பு. அவருக்கும் குழம்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். "எங்க மாமியா எனக்குக் குழம்பே ஊத்த மாட்டா" என்று ஒரு தடவை பெருமையாகச் சொன்னார், ஏதோ எனக்குத் தங்கத்தில் ஊற்றுகிற மாதிரி. அவர் தலையில் முடி கொஞ்சம்தான் இருந்தது. பழுப்பேறிய ஒரு சவுரியைச் சொருகிக் கொண்டை போட்டுக்கொள்வார்.

2006இல் எனக்குப் பெண் பிறந்தது. பிரசவம் கடலூரில், அம்மா வீட்டில். கருவாடும் பூண்டும் கீரையுமாக அம்மா என்னைத் தேற்றி அனுப்பினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் வந்த கொஞ்ச நாளில் முடி கொட்ட ஆரம்பித்தது.

கொட்டியது என்றால், சீப்பில் வரும் நாலு மயிர் இல்லை. வாரினால் சீப்பு நிறைந்தது. குளித்தால் சாக்கடை வாய் அடைத்தது. பிள்ளையின் கைவிரலில் சுற்றிக்கொண்டு வந்தது. சோற்றில் விழுந்தது. மாமனார் ஒரு நாள் சாம்பாரிலிருந்து நீளமாக ஒன்றை உருவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து மாமியார் என் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டார். அடுப்படியில் துண்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது துண்டு, யாராவது வீட்டுக்கு வந்தாலும் துண்டு. இப்போது யாரும் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை.

"முடியப் பாத்துதான் எடுத்தோம்" என்று தெருவில் சொன்னார். வேண்டுமென்றே எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "இப்ப பாரு, தலயில ஒண்ணுமில்ல. பொறந்ததும் பொட்ட."

அதற்கப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது. மாமியார் இந்த விஷயத்தில் சோம்பேறி இல்லை. வெந்தயம் ஊறவைத்து அரைத்தார். கரிசலாங்கண்ணியை இடித்து எண்ணெய் காய்ச்சினார். செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயச் சாறு, தேங்காய்ப்பால், புளித்த தயிர் என்று யார் எதைச் சொன்னாலும் அது என் தலைக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை முட்டை. வெள்ளிக்கிழமை கவுச்சி ஆகாது என்பதால் அன்றைக்குத் தயிரும் வெந்தயமும். துவைக்கிற கல்லில் என்னை உட்காரவைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, தேங்காய் நார் தேய்க்கிற மாதிரி தேய்ப்பார். அந்தத் தேய்ப்பிலேயே பாதி முடி அவர் கையோடு வந்துவிடும். வந்ததை எறிய மாட்டார். அலசிச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டி வைப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம், சூடு தணிப்பது. முடி கொட்டுவது உடம்புச் சூட்டால் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சூடு தரும் எதுவும் எனக்கு ஆகாது என்றாகிவிட்டது. மீன் சூடு. கருவாடு சூடு. கோழி பெருஞ்சூடு. முருங்கைக்கீரை சூடு. வேர்க்கடலை சூடு. முட்டை தலைக்கு மேல் இருந்தால் குளிர்ச்சி, வாய்க்குள் போனால் சூடு. இதை அவர் சிரிக்காமல் சொன்னார். காலையில் பழைய சோறும் ஊறுகாயும், மத்தியானம் ரசம், ராத்திரி மீந்தது. ஊறுகாய் எப்படிச் சூடு இல்லாமல் போயிற்று என்று நான் கேட்கவில்லை. பிள்ளை வேறு பால் குடித்துக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு தடவை பார்க்க வந்தபோது கருவாடும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்தாள். மாமியார் வாங்கிக்கொண்டு, அம்மா பஸ் ஏறுவதற்குள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அம்மா அதைப் பார்த்தாள். "அனுசரிச்சுப் போடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அன்றைக்கு மாமியார்மேல் வந்ததைவிட அம்மாமேல்தான் கோபம் அதிகம்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "அம்மா ஒன் நல்லதுக்குத்தான சொல்றாங்க" என்றார். அவர் நெற்றி அப்போதே பாதி மண்டை வரைக்கும் ஏறியிருந்தது. அதற்கு யாரும் சூடு பார்க்கவில்லை, முட்டை உடைக்கவில்லை. "அறிவாளி மண்ட, எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான்" என்பார் மாமியார். என் கணவருடைய முட்டை தவறாமல் அவர் தட்டில் இருந்தது.

கொஞ்ச நாளில் ஜன்னலில் இருந்த கவர் காணாமல் போனது. திரும்பி வந்தபோது சவுரியாக வந்தது. கருகருவென்று, நல்ல நீளத்தில். பழைய சவுரியைத் தூக்கிப் போட்டுவிட்டு மாமியார் அதைச் சொருகிக்கொண்டார். "ஒன் முடிதான்டி, வீணாப் போவலாமா?" என்றார், எனக்கு ஏதோ உபகாரம் செய்த மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சவுரியை அலசி, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து ஆணியில் மாட்டுவதும் என் வேலை ஆயிற்று. அம்மா என் முடிக்குச் செய்ததையெல்லாம் நான் அதற்குச் செய்தேன். நுனியிலிருந்து மேலே போய் விரலால் சிக்கெடுத்தேன். நிழலில் உலர்த்தினேன். என் தலையில் இருந்தபோது கிடைக்காத மரியாதை அந்த முடிக்கு அவர் தலையில் கிடைத்தது.

2007இல் ஒரு செவ்வாய்க்கிழமை, தலையில் முட்டையோடு துவைக்கிற கல்லிலிருந்து எழுந்தவள் அப்படியே விழுந்தேன். நெற்றியில் அடி. கொழுந்தன்தான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனான். மாமியார் வெளியே பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அம்மாள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். என் நகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"பழைய சோறு."

"மத்தியானம்?"

"ரசம் சோறு."

"முட்டை ஏதாவது?"

"முட்டை தலைக்கு வைக்கிறோம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "என்னது?"

மறுபடி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டினார். "பிள்ளை பெத்தா முடி கொட்டும்மா, தானா நின்னு தானா வளரும். உனக்கு ஒடம்புல ரத்தமே இல்ல, எங்கேர்ந்து வளரும்? தலையில ஊத்துற முட்டை உள்ள போவாது. வாய் எதுக்கு இருக்கு? பேசறதுக்கும் ஒதவல, திங்கறதுக்கும் ஒதவல." இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, கீரை, முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் மாமியாரிடம் சொன்னேன். "அந்தம்மா தலயப் பாத்தியா? எலிவாலு. அவ நமக்கு முடிக்கு வைத்தியம் சொல்றாளா?" என்றார். மாத்திரையும் சூடுதான் என்று வாங்கி சாமி மாடத்தில் வைத்துவிட்டார். சாமிக்கு ரத்தம் ஊறியதா தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, "அத்தை, ஒங்களுக்குத் தோள் வலி. நானே போட்டுக்கறேன்" என்றேன். முட்டை நாற்றம் அவருக்குப் பிடிக்காது. சந்தோஷமாக என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வெந்நீர் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. முட்டையை மெதுவாக அதற்குள் விட்டேன். எரியும் சுள்ளியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பிறகு செம்பால் மொண்டெடுத்து, ஓலைத்தட்டியைச் சாத்திக்கொண்டு, குளிக்கிற ரூம்பில் குந்தி உட்கார்ந்து உரித்துத் தின்றேன். உப்பு இல்லை. வாய் வெந்தது. அழுகை வந்ததா என்று கேட்டால், இல்லை, சிரிப்பு வந்தது. சீயக்காயைத் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தேன். "வாட போயிடுச்சா?" என்றார். "போயிடுச்சு அத்தை" என்றேன்.

அப்படித்தான் என் முடி வளர்ந்தது. தேங்காய்ப்பால் கொடுத்தால் குடித்தேன். தயிரைக் கிண்ணத்தோடு கொண்டுபோய் வழித்துத் தின்றேன். கறிவேப்பிலையை மென்றேன். சீயக்காயோடு தேய்க்கக் கொடுத்த பயத்தமாவைக்கூட விடவில்லை, வெந்நீரில் கரைத்துக் கூழாகக் குடித்தேன். சாமி மாடத்துக்கு விளக்கேற்றுகிறவள் நான்தான், மாத்திரையும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. முட்டை ஓட்டை நொறுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன். அந்தச் செடியும் நன்றாக வளர்ந்தது. மற்றபடி, ஈரத்தில் சீப்பு வைக்காதே, இறுக்கி முடியாதே என்று அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் விடாமல் செய்தேன். பெண் கொஞ்சம் வளர்ந்ததும் அவளையும் தலைக்குக் குளிக்க உள்ளே கூட்டிக்கொண்டேன். பொட்டப் பிள்ளைக்கு முட்டை சூடு, முடி வளராது என்று மாமியார் அவளுக்கும் சட்டம் போட்டிருந்தார். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். சமர்த்து, மூச்சு விடவில்லை.

முதலில் நெற்றியோரத்தில் குட்டிக் குட்டியாக மயிர் முளைத்தது. அடுத்தடுத்த வருஷங்களில் பின்னல் பழையபடி கனத்தது. மாமியாரின் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே. "சூட்டத் தணிச்சேன், முட்ட வச்சேன், வந்துச்சா இல்லியா?" என்று தெருத்தெருவாகச் சொன்னார். பெண்கள் அவரிடம் வைத்தியம் கேட்டு வந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருத்தி பஸ் ஏறி வந்து கேட்டுக்கொண்டு போனாள். மருமகளுக்கு மீன் கொடுக்காதே, முட்டையைத் தலைக்கு வை என்று என் மாமியார் அவளுக்குச் சொன்னதை நான் காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சேத்தியாத்தோப்பில் யாரோ ஒரு மருமகளின் தட்டிலிருந்து முட்டை எடுக்கப்பட்டிருக்கும். அவள் வீட்டிலும் வெந்நீர் அடுப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தனுக்கு வேலை கிடைத்து, 2012இல் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு இடம் வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் புயல் அடித்து அந்தப் பக்கமெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்திருந்தன. அந்தக் குடும்பத்துக்கும் தோப்புப் போயிருந்தது. இருக்கிற நகையோடு பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் தவித்தது பந்தி விரித்த வேகத்திலேயே தெரிந்தது. கூரை ஓடு அங்கங்கே புதிதாக மாற்றியிருந்தது. கேசரியில் அள்ளிப் போட்டிருந்தார்கள் முந்திரியை, இனி வராத முந்திரி.

பெண் வந்து கும்பிட்டு உட்கார்ந்தாள். முகம் லட்சணமாக இருந்தது. பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. மாமியார் என் பக்கம் சாய்ந்து, "என் தோள் தூக்க முடியல. நீ போய்ப் பூ வை. நல்லாப் பாரு" என்றார்.

பூவை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் மண்டியிட்டேன். என் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து நின்றாள். விரலை உள்ளே விட்டதுமே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் சவுரி அலசுகிற கை. வேருக்குக் கொஞ்சம் கீழே நூல் முடிச்சு. அதற்கு மேல் அவள் சொந்த முடி, என் சுண்டுவிரல் கனத்துக்குக்கூட இல்லை. கழுத்து வேர்த்திருந்தது. மடியில் கோத்திருந்த அவள் கை எனக்குத் தெரிந்தது. நகம் வெளுத்திருந்தது, 2007இல் என் நகம் இருந்த மாதிரியே.

"அக்கா" என்றாள், உதடு அசையாமல். "காய்ச்சல் வந்து கொட்டிடுச்சுக்கா. வந்துடும்."

வந்துடும் என்று எனக்குத் தெரியும். எப்படி வரும் என்றும் தெரியும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் எப்படி வராது என்பதும் தெரியும். சொந்த முடிதான் என்று இரண்டே வார்த்தை சொன்னால் அவள் கல்யாணம் முடியும். முதல் செவ்வாய்க்கிழமையே துவைக்கிற கல்லில் குட்டு உடையும், அதற்கப்புறம் அவளும் நானும் சேர்ந்து மாமியார் வாயில் அரைபடுவோம். அவள் தட்டில் ரசம் ஊற்றப்படும். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது என்று இப்போது சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது. தோன்றியது நிஜம்தான். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று சத்தியம்கூடச் செய்யலாம். ஆனால் என் பின்னலை இழுத்த கையும், திரும்பி நில்லு என்ற குரலும், துண்டும், எல்லாம் அப்போது என் விரலில் வந்து உட்கார்ந்திருந்தன. இழுத்தேன். அவள் தலை பின்னால் சாய்ந்தது.

"சவுரி, அத்தை" என்றேன். கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொன்னபோது வாய் இனித்தது.

மாமனார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். என் கணவரும் எழுந்தார். கொழுந்தன் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், பிறகு அவனும் எழுந்தான். மாமியார் செருப்பைப் போட்டுக்கொண்டே, "எங்க கிட்டயேவா?" என்றார். அவர் கொண்டையில் என் முடி பளபளவென்று இருந்தது. பெண்ணின் அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, என் பெண்ணைப் பார்த்தாள்.

"ஒனக்கும் பொட்டப் புள்ள இருக்குது" என்றாள். சாபம் மாதிரிகூட இல்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. கலைந்த பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, எல்லார் எதிரிலும் சவுரியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் வேன் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வேனில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படிப் பிடித்தது கிடையாது.

மறுநாள் மத்தியானம் முட்டைக்குழம்பு. ஆண்கள் சாப்பிட்டுப் போனதும் நானும் என் பெண்ணும் உட்கார்ந்தோம். மாமியார் குழம்பை ஊற்றிவிட்டு, மறுபடி கரண்டியை விட்டுத் தேடி ஒரு முழு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் என் தட்டில் விழுந்த முதல் முட்டை.

"துன்னு" என்றார். "நேத்து நீ இல்லன்னா ஏமாந்திருப்போம்."

"சூடாச்சே அத்தை" என்றேன்.

"முட்ட இன்னாடி பண்ணும்? துன்னு."

அவ்வளவுதான். அத்தனை வருஷத்துச் சூடும் ஒரு கரண்டியில் ஆறிவிட்டது. அப்போது என் பெண் முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, இன்னிக்கு இங்கியே துன்னலாமா? குளிக்கற ரூம்புக்குப் போவ வேணாமா?"

மாமியார் கையில் கரண்டி அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் பின்னலைப் பார்த்தார். நேரம் எடுத்தது, ஆனால் புரிந்துவிட்டது. கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போனது. சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியைப் பெண்ணின் தட்டில் வைத்தேன். உப்பு, காரம் எல்லாம் ஊறி நல்ல ருசி. தின்னும்போது அந்தக் குறிஞ்சிப்பாடிப் பெண்ணின் வெளுத்த நகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.